காடாத் துணியில் ஏறிய தலைப்பிரட்டைகள்

என் சீனித்தாய் மதினிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்று எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நம் பாறைக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே பார்த்ததை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நன்றாக இருக்கிறார். அதாவது சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னோடு சண்டை போடுகிறார். காபி போடப் பழகிவிட்டார். அதை வாயில் வைக்க முடியாது, ஆனாலும் நல்லா இருக்கு என்று சொல்லிக் குடித்துவிடுகிறேன். நான் ஒரு விஷயத்தை முகத்துக்கு நேரே சொல்லாமல் விழுங்குகிறேன் என்றால் நம்புவீர்களா? இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலேஜில் காலம் தள்ளுகிறாளோ என்று நீங்கள் அங்கலாய்க்காத நாள் உண்டா?

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் தறி ஓட்டினீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் தங்கை நான், காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்புவோம். சாயங்காலம் நீங்கள் தலையெல்லாம் பஞ்சோடு வருவீர்கள், நான் ஃபார்மலின் வாடையோடு வருவேன். அண்ணன் நடுவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கார்த்திகை ஞாயிறு நினைவிருக்கிறதா? எண்பதுகளின் பாதியில் ஒரு வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, செண்பகத்தோப்பில் குளித்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள்தான் பிடிவாதம் பிடித்தீர்கள். ஓடையில் கூட்டம் அதிகம் என்று சற்று மேலே ஏறிப் போனீர்கள். நான் கல்லில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி வசந்தா, இங்கன வா. மீனு பாறையில ஏறுது."

மீனாவது ஏறுவதாவது, காலையில் சாப்பிடாததால் உங்களுக்குக் கண் இருட்டுகிறது என்றேன்.

"ஏறுதுங்கேன். செத்த நேரம் வாய மூடிக்கிட்டு வந்து பாரு."

வந்து பார்த்தேன். செங்குத்தான கரும்பாறை. அதன் மேல் தண்ணீர் ஓடவில்லை, எங்கோ மேலே இருந்து கசிந்து, பாறை வியர்த்த மாதிரி நனைந்திருந்தது. அந்த ஈரத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகள் மேய்ந்துகொண்டிருந்தன. உடம்பு விரல் நகம் அளவு, வால் அதைவிட மூன்று மடங்கு. அந்த வயதிலேயே பின்னங்கால் முளைத்திருந்தது. பாறைப் பாசியை வாயால் சுரண்டிக்கொண்டே மேலே மேலே ஏறின. என் நிழல் விழுந்ததும் ஒன்று வாலை உதைத்துத் துள்ளி அடுத்த கல்லில் போய் ஒட்டியது. தலைப்பிரட்டை தண்ணீரை விட்டு வெளியே வராது என்று அந்த வாரம்தான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்.

பட்டுப் புடவை நனைவது தெரியாமல் அந்தப் பாறை முன்னால் முட்டி போட்டேன். நீங்களும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தோம் என்று தெரியாது. நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே உலக அதிசயம் என்று பிறகு அண்ணனிடம் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் அப்போது நீங்கள் சொன்னது வேறு.

"இம்புட்டு ஈரத்த நம்பி ஒரு பொறப்பா, ஏட்டி?"

விலங்கியலில் இரண்டு பட்டம் வாங்கியவள் நான். அந்த உயிரைப் பற்றி அதைவிடச் சரியாக ஒரு வாக்கியம் இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை.

சென்னையில் தவளைகளைப் பற்றித் தெரிந்த ஒருவருக்குப் படம் வரைந்து அனுப்பினேன். இந்த மலையில் சில ஈரப் பாறைகளை விட்டால் வேறெங்கும் இல்லாத வகையாக இருக்கலாம், அதிலும் பல பாறைகள் காய்ந்துவிட்டன, உங்கள் பாறையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அது உங்களுக்கு ஊர்ப் பாறை இல்லை, சொந்தப் பாறை ஆகிவிட்டது. மலையடிவார மம்சாபுரத்துக்காரர் எவராவது பஸ்ஸில் தென்பட்டால் கூட, காட்டில் மழை எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தீர்கள்.

மார்கழிக் கடைசியில் போனபோது பாறையில் பாதி காய்ந்திருந்தது. கோடையிலும் நிற்காத கசிவு அது. ஏறிப் பார்த்தால் ஊற்றுக்கண்ணில் கறுப்பு ஹோஸ் பைப் சொருகியிருந்தது. அடிவாரத்தில் புதிதாக மாந்தோப்பு வைத்த ஒருவர், கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக அங்கிருந்து இழுத்திருந்தார். காய்ந்த பாதியில் தலைப்பிரட்டைகள் சருகாய் ஒட்டிக்கிடந்தன. மீதி ஈரத்தில் இருந்தவை ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டிருந்தன. நீங்கள் முந்தானையை ஓடையில் நனைத்து வந்து பாறையில் பிழிந்தீர்கள். திரும்பத் திரும்பப் போய் நனைத்து வந்தீர்கள். அது நிற்கும் ஈரம் இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

வனத்துறைச் செக்போஸ்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, இருந்தவற்றை எல்லாம் காலேஜுக்குக் கொண்டுவந்தேன். நாற்பத்தொன்று. லேபில் கண்ணாடித் தொட்டிக்குள் கல்லைச் சாய்த்து வைத்து, மேலே குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக ஓடைத் தண்ணீர் விட்டேன். முனிசிபல் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும் என்று ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை. ஆனால் கல்லில் விழுந்த சொட்டு ஒரே கோடாக ஓடி இறங்கியது, இரண்டு பக்கமும் காய்ந்தது.

தறியை முடித்துவிட்டு நீங்கள் பார்க்க வந்தீர்கள். அன்று எனக்கு பிராக்டிகல் வகுப்பு. மெழுகுத் தட்டில் ஒரு சாதாரணத் தவளை நாலு காலும் குத்தப்பட்டு வயிறு திறந்து கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், கண்ணாடித் தொட்டியைப் பார்த்தீர்கள். "இதுவும் தவளதானட்டி?" என்றீர்கள். நான் பாடத்திட்டம், பரீட்சை என்று ஏதோ சொன்னேன். உங்களுக்குப் பதில் சொன்னதாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள் மதினி, எனக்கே இன்னும் பதில் கிடைக்கவில்லை.

காயும் கல்லுக்கு வழி சொன்னதும் நீங்கள்தான். வெயில் காலத்தில் நூல் அறுந்துவிடாமல் இருக்கத் தறி ஷெட்டில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவோமே, அதுபோலக் கல்மேல் துணியை விரித்துவிடு, சொட்டுகிற தண்ணீர் துணி முழுக்க இறங்கும் என்றீர்கள். மறுநாள் துணியும் கொண்டுவந்தீர்கள். தறியிலிருந்து இறங்கியபடி வெளுக்காத காடாத் துணி. பழுப்பு நிறம், அங்கங்கே பஞ்சு விதைத் தூள் கறுப்பாக ஒட்டியிருந்தது.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது. "இது என்ன மதினி, அடுப்படித் துணி மாதிரி? இது லேப். சுத்தமா ஒண்ணு கொண்டாங்க."

நீங்கள் கோபிக்கவில்லை. வெளுப்பு ஷெட்டில் வேலை பார்த்தவரிடம் கேட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு கொண்டுவந்தீர்கள். புண்ணில் வைக்கிற துணி, இதற்கு மேல் சுத்தம் உலகத்தில் கிடையாது என்று பெருமையாகக் கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. எனக்கு அது சுத்தத்தின் வாசம். அலசக்கூட இல்லை. அப்படியே விரித்தேன். தண்ணீர் அழகாக, ஒரு இடம் விடாமல் இறங்கியது. அன்று சாயங்காலம் நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

காலையில் பாதிக்கு மேல் தொட்டியடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. துணியை எடுத்து மோந்து பார்த்தேன். தண்ணீருக்குப் பார்த்துப் பார்த்து விலக்கிய வெளுப்பு மருந்து, துணி வழியாக உள்ளே வந்திருந்தது. ராஜபாளையத்தில் பிறந்து, தெருவுக்குத் தெரு பேண்டேஜ் காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் துணி எப்படி வெள்ளையாகிறது என்று எனக்குத் தெரியாதா?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் ஓடிவந்தீர்கள். அண்ணனுக்குச் சேதி போய், அவர் சொல்லிவிட்டிருக்கிறார். லேப் வாசலில் மாணவிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன், "ஒங்க துணிதான் மதினி கொன்னுடுச்சு."

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இந்த வரியை எழுதத்தான்.

நீங்கள் காடாவைக் கொண்டுவந்ததை, நான் வேண்டாம் என்றதை, அங்கேயே சொல்லியிருக்கலாம். என்னைவிட வயதில் மூத்தவர், சொல்வதற்கு உரிமை இருந்தது. நீங்கள் சொல்லவில்லை. தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் தொட்டியருகே போய்க் குனிந்து பார்த்தீர்கள்.

"மிச்சம் எம்புட்டுட்டி?"

"பதினாலு."

"சரி" என்று திரும்பிப் போனீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்தால் கொல்லையில் பெரிய அண்டாவில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. உங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு உள்ளே போய்விட்டேன். காலையில் ஷிப்டுக்குப் போகும் வழியில் காலேஜ் கேட்டில் என்னைக் கூப்பிட்டு ஈரத் துணிச் சுருளைக் கையில் கொடுத்தீர்கள். அதே காடா. சலவைச் சோடா போடாமல், சோப்புப் போடாமல், வெறும் ஓடைத் தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று தடவை கொதிக்கவைத்திருக்கிறீர்கள். நூலுக்குப் போட்ட கஞ்சி இருந்தால் பூஞ்சை பிடிக்கும், தறி ஷெட்டில் பார்த்திருக்கிறேன் என்றீர்கள். "வெளுப்பு இல்ல, கஞ்சி இல்ல. வெறும் பருத்தி. போட்டுப் பாரு." அதற்குள் கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, ஓடிவிட்டீர்கள்.

போட்டேன். பதினாலும் கீழே தண்ணீரில் ஒடுங்கிக்கிடந்தன. அன்று முழுக்க ஒன்றும் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் துணி லேசாகப் பச்சை பூத்திருந்தது. வெள்ளைத் துணியில் பிடிக்கவே வழியில்லாத பாசி, உங்கள் அடுப்படித் துணியில் பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. வாலை மெதுவாக அசைத்து, நூல் நூலாகப் பற்றி, ஒவ்வொரு கண்ணியிலும் நின்று சுரண்டித் தின்றுவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனது. பின்னாலேயே இன்னொன்று. எங்கள் துறைத் தலைவர், முப்பது வருஷம் தவளையை அறுத்தே பார்த்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணி அடித்தும் வகுப்புக்குப் போக மறந்தார்.

மலை வேர்த்துக் கொடுக்கிற ஈரத்தை ஒரு கெஜம் துணி கொடுக்கிறது, அந்த உயிர் அதை நம்புகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம்! அன்றைக்கே உங்களிடம் ஓடிவந்து காலில் விழுந்திருக்க வேண்டும். ஏறிடுச்சு மதினி என்று மட்டும் சொன்னேன். நீங்கள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே தலையை ஆட்டினீர்கள்.

மாந்தோப்புக்காரரிடம் நான் ஏற்கெனவே போய்ப் பேசி, தவளைக்கா தண்ணி என்று சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். சண்டையும் போட்டிருந்தேன். நீங்கள் சொன்னீர்கள், "அவியள லேபுக்குக் கூட்டியாந்து காட்டு. நீ பேசாத. பேசுனா காரியம் கெட்டுரும்." எப்படியோ வந்தார். பெரிய மனிதர், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தார். அதற்குள் சிலவற்றுக்கு முன்னங்கால் வந்து வால் சுருங்கத் தொடங்கியிருந்தது. ஒன்று பாதி மீன், பாதி தவளையாகத் துணியில் உட்கார்ந்து அவரையே பார்த்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார்.

அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "தண்ணி எடுக்க வேண்டாம்னு சொல்லல மொதலாளி. பைப்ப பாறைக்கு மேல போடாம கீழ போடுங்க. கல்ல நனச்சிட்டு வார தண்ணி ஒங்க மாமரத்துக்குக் கசக்கவா போகுது?"

நான் சட்டம் பேசினேன், அறிவியல் பேசினேன். இந்த ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரத்தில் பைப் கீழே இறங்கியது. பாறை மறுபடி வியர்த்தது.

பிறகு துறைத் தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. குட்டித் தவளைகளை லேபிலேயே வைத்து வளர்க்கலாம், பார்க்க ஆட்கள் வருவார்கள் என்றார். எனக்கும் சபலம்தான். நீங்கள் ஒரே பிடியாக நின்றீர்கள். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவளை மூணாம் மாசம் கொண்டு விடுகிறோமா இல்லையா, வைத்துக்கொள்ளவா அழைத்து வந்தோம் என்று கேட்டீர்கள். பெண்ணைக் கொண்டு விடுவதற்கு உண்டான அத்தனையும் செய்தீர்கள். புது எவர்சில்வர் தூக்குச்சட்டி, உள்ளே ஈரக் காடா. மூடியில் மஞ்சள் குங்குமம் வைக்கப் போனவரை, மஞ்சள் உள்ளே விழுந்தால் செத்துவிடும் என்று நான் கத்தித் தடுத்தேன். சரி, பாறைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றீர்கள். அதற்கும் கத்தினேன். கடைசியில் நெற்றியில் எனக்கு வைத்துவிட்டீர்கள். பஸ்ஸில் கண்டக்டர் தூக்கில் பால்கோவாவா என்று கேட்டார். சம்பந்தி வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் என்று சொல்லி அவரை விழிக்கவைத்தீர்கள்.

பதினாலில் பன்னிரண்டு தவளையாகியிருந்தன. பாறையடியில் தூக்கைச் சாய்த்தோம். ஒவ்வொன்றாக வெளியே வந்து, கொஞ்ச நேரம் தொண்டை துடிக்க உட்கார்ந்து, ஒரே தாவலில் பாறையில் போய் ஒட்டின. ஒட்டிய மறுகணம் காணவில்லை. கல்லின் நிறம், பாசியின் நிறம், அவ்வளவுதான். அங்கேதான் இருக்கின்றன, கண்ணுக்கு முன்னால், ஆனால் மலை அவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டது. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டீர்கள். யாரைக் கும்பிட்டீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் கும்பிட்டேன்.

பிறகு அந்தக் காட்டை மலை அணிலுக்கென்று சரணாலயம் ஆக்கினார்கள். அணிலுக்கு எழுதி வைத்த வீட்டில் நம்ம பிள்ளைகள் வாடகை இல்லாமல் இருக்கட்டும் என்று சிரித்தீர்கள்.

இப்போது ஒரு புதுச் செய்தி. வெளியூரில் பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இந்தத் தவளையை வளர்க்க முயற்சி எடுத்திருக்கிறார்கள். இதே மலையின் வேறொரு பக்கத்தில் காயப்போகும் பாறையிலிருந்து காப்பாற்றி வந்தவை. ஏசி அறை, மோட்டார், எல்லாம் உண்டு. நைலான் வலை வைத்தார்களாம், ஸ்பாஞ்சு வைத்தார்களாம், ஏறவே இல்லையாம். அந்தச் சென்னைக்காரர் என்னைக் கைகாட்டினாராம், எப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் எழுதினேன். முதல் வரி இதுதான்: தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியை மூன்று முறை வெறும் தண்ணீரில் கொதிக்கவைக்கவும், இது ராஜபாளையத்துத் தறித் தொழிலாளி சீனித்தாய் கண்டுபிடித்த முறை. இரண்டாம் வரி: வெளுத்த துணியைப் போட்டு இருபத்தேழு உயிரைக் கொன்றது நான். இரண்டு வாரம் கழித்து, ஏறிவிட்டன என்று ஒரே ஒரு வரித் தந்தி வந்தது. அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய் எனக்கு இரண்டாவது காபி போட்டுக் கொண்டுவந்தார். பிராக்டிகலில் தவளை அறுப்பதை நிறுத்தும்படியும் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, விடமாட்டேன்.

உங்கள் துணி கொல்லவில்லை மதினி. நான் கேட்ட வெள்ளைதான் கொன்றது. இதை அந்த லேப் வாசலில், அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சாப்பிட்டும் சொல்லவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. இந்த வாய் எதற்கெல்லாமோ திறந்தது, இதற்குத் திறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

போன ஞாயிறு அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். இத்தனை வருஷத்தில் அவர் வந்தது இதுதான் முதல் முறை. கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருந்தது. பாறை உச்சியிலிருந்து அடிவரை நனைந்திருந்தது. பக்கத்துப் பாறையிலும், அதற்கு அடுத்த பாறையிலும் ஈரம். அண்ணன்தான் முதலில் பார்த்தார். மீனு ஏறுது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று முட்டி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். நூறு வரை எண்ணினேன், துள்ளின, கணக்கு விட்டுவிட்டது. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மறுபடி தொடங்கினோம், மறுபடியும் விட்டுவிட்டது. மிச்சம் எம்புட்டு என்றுதானே கேட்டீர்கள்? எண்ண முடியவில்லை மதினி.

இந்தக் காலும் கண்ணும் இருக்கும்வரை ஒவ்வொரு கார்த்திகையும் போவேன். உட்கார்ந்து எண்ணுவேன். எண்ணி முடிக்க முடியாமல் திரும்பி வந்து உங்களிடம் சொல்வேன்.

நீங்கள் ஏட்டி என்று கூப்பிட்டால் இப்போதும் ஓடிவரக்கூடிய,
உங்கள் நாத்தனார்
வசந்தா